வேட்பாளரை நம்பலாமா? முதல் முறை ஓட்டுப் போடுகிறவர்கள் சொத்துக் கணக்கைப் படிப்பது எப்படி

தேர்தல் வந்துவிட்டால் சென்னையில் வேட்பாளர்கள் பரோட்டா போடுவார்கள், டீ ஆற்றுவார்கள், இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி இரண்டு சட்டைக்குத் தேய்த்துக் கொடுப்பார்கள். படமும் வந்துவிடும். இன்னொரு பக்கம், எதிர்த்து நிற்பவர் குடிப்பார், சீட்டாடுவார், பெண்டாட்டியோடு சண்டை என்று வாட்ஸப்பில் சுற்றும். இந்த இரண்டையும் வைத்து ஒருவரை நல்லவர் கெட்டவர் என்று பிரிக்கிற வேலையைத்தான் நாம் பெரும்பாலும் செய்கிறோம். முதல் முறை ஓட்டுப் போடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்: அந்த இரண்டையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, வேட்பாளரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தில் இருந்து ஆரம்பியுங்கள்.

எளிமை என்பதை ஏன் ஓரமாக வைக்கச் சொல்கிறேன் என்றால், நம் ஊர் அனுபவமே அதைச் சொல்கிறது. காமராஜர் முதலமைச்சராக இருந்தும் தி.நகர் திருமலைப் பிள்ளை சாலையில் வாடகை வீட்டில்தான் வாழ்ந்தார், அது நிஜமான எளிமை, யாரும் மறுப்பதில்லை. அப்படிப்பட்டவரையே 1967-இல் சொந்த ஊரான விருதுநகரில் தோற்கடித்தார்கள். அதே தமிழ்நாட்டில் 1991–96 ஆட்சியில் மாதம் 1 ரூபாய் மட்டும் சம்பளம் வாங்குவதாகச் சொன்ன ஜெயலலிதா மீது, அதே காலகட்டத்துக்கான வருமானத்துக்கு அதிகமான சொத்து வழக்கு வந்தது. 2014-இல் பெங்களூரு தனி நீதிமன்றம் 4 ஆண்டு சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தது, 2015-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தனி நீதிமன்றத் தீர்ப்பே சரி என்றது, அதற்குள் அவர் காலமாகிவிட்டார். 1 ரூபாய் சம்பளத்தைப் பார்த்து நம்பியவர்கள் பார்க்க வேண்டிய கணக்கு வேறு இடத்தில் இருந்தது.

காகிதத்தைக் கையில் எடுங்கள்

வேட்புமனுவோடு ஒவ்வொருவரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தைக் கொடுத்தாக வேண்டும். இது யாரும் விரும்பிக் கொடுத்த வசதி இல்லை. 2002-இலும் 2003-இலும் உச்ச நீதிமன்றம், வேட்பாளரின் வழக்கு, சொத்து, கடன், படிப்பு பற்றித் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வந்தது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் மாநிலம், தொகுதி, பெயர் போட்டால் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். தேர்தல் நடத்தும் அதிகாரியின் அலுவலக அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருப்பார்கள். ஆணையத்தின் ‘நோ யுவர் கேண்டிடேட்’ வசதி இருக்கிறது, தேர்தல் சீர்திருத்தத்துக்காக இயங்கும் ஏடிஆர் என்ற தன்னார்வ அமைப்பின் மைநேதா தளத்தில் இதே விவரத்தைச் சுருக்கிப் போட்டிருப்பார்கள். சுருக்கத்தைப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள், எண்களைத் தட்டச்சு செய்யும்போது ஒரு பூஜ்யம் கூடியோ குறைந்தோ போகும் வாய்ப்பு எப்போதும் உண்டு.

நேரம் குறைவு என்று பயப்பட வேண்டாம். மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப் பதிவுக்கும் நடுவே சட்டப்படி குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி இருக்கும். ஆளுக்கு ஒரு மணி நேரம் போதும். சென்னையில் 16 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும், நீங்கள் நிஜமாகவே யோசிக்கிற மூன்று நான்கு பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் ஸ்கேன் செய்த காகிதமாக இருக்கும், சிலது கையெழுத்தில், சிலது பாதி கண் தெரியாத அளவுக்கு மங்கலாக. முதலில் பகுதி ‘ஆ’-வுக்குப் போய்விடுங்கள், அங்கே மொத்தமும் ஒரு சுருக்க அட்டவணையாக இருக்கும். அதைப் பார்த்து ஒரு படம் மனதில் வந்த பிறகு முன்னால் வாருங்கள். ஏதாவது கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். ‘இல்லை’, ‘பொருந்தாது’ என்றாவது எழுத வேண்டும், காலியாக விடக்கூடாது என்று 2013-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிகாரி கேட்டும் நிரப்பாவிட்டால் மனுவையே தள்ளுபடி செய்யலாம்.

ஒரு பத்திரம் போதாது, இரண்டு வேண்டும்

இதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான இடம், மற்றதை எல்லாம் மேலோட்டமாகப் படித்தாலும் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். 5 கோடி சொத்து என்று போட்டிருப்பவரைத் திருடன் என்றோ, 5 லட்சம் என்று போட்டிருப்பவரை உத்தமர் என்றோ சொல்ல அந்த எண்ணில் ஒன்றுமே இல்லை. மயிலாப்பூரில் தாத்தா காலத்து வீடு ஒன்று இருந்தாலே யாரும் கோடீஸ்வரர்தான், அவர் மாதக் கடைசியில் கைமாற்று வாங்குகிறவராகக்கூட இருக்கலாம். சென்னை நில விலை அப்படி. ஆகவே, ஏற்கெனவே தேர்தலில் நின்றவர் என்றால் அவருடைய பழைய பத்திரத்தையும் எடுங்கள். இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒருவர் 2016-இல் மொத்தம் 1.5 கோடி காட்டுகிறார்: வேளச்சேரியில் ஒரு கிரவுண்டு மனை 1 கோடி, 100 பவுன் நகை 23 லட்சம், வங்கியில் 27 லட்சம். 2021-இல் 4 கோடி: அதே மனை 1.6 கோடி, அதே நகை 35 லட்சம், புதிதாக ஒரு ஃப்ளாட் 1.5 கோடி, வங்கியில் 55 லட்சம். கூடியது 2.5 கோடி. தலைப்புச் செய்தியில் ‘சொத்து இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது’ என்று வரும், அது பாதி உண்மைதான், ஏனென்றால் மனையும் நகையும் விலை ஏறியதிலேயே 72 லட்சம் போய்விட்டது, அதற்கு அவர் ஒன்றும் செய்யவில்லை, சும்மா இருந்தாலே ஏறும். மீதி 1.78 கோடி. ஃப்ளாட்டுக்கு வங்கியில் 50 லட்சம் கடன் காட்டியிருக்கிறார், கழித்தால் 1.28 கோடி. அப்புறம் அவரும் மனைவியும் ஐந்து ஆண்டுகளில் வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம் சேர்த்து 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சாப்பிடாமல், வரி கட்டாமல், பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டாமல் அத்தனையும் சேமித்தார் என்றே வைத்தாலும் 68 லட்சத்துக்குப் பத்திரத்தில் பதில் இல்லை.

உடனே ‘ஊழல்’ என்று பதிவு போட்டுவிடாதீர்கள். அப்பா இறந்து பங்கு வந்திருக்கலாம், ஊரில் நிலம் விற்றிருக்கலாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி எது என்று இப்போது உங்களுக்குத் தெரியும், இத்தனை ரூபாய் எங்கிருந்து வந்தது என்று தொகையோடு கேட்கலாம். பிரசாரத்தில் வீட்டு வாசலுக்கு வரும்போது கேளுங்கள். பதில் என்ன என்பதைவிட, கேட்டதும் அவர் முகமும் கூட வந்தவர்கள் முறைப்பும் எப்படி இருக்கிறது என்பதும் ஒரு தகவல்தான்.

ஒரு எம்எல்ஏவின் மாதச் சம்பளமும் படிகளும் சேர்ந்து 2017-இல் 1.05 லட்சமாக உயர்ந்தது. ஐந்து ஆண்டுக்கு 63 லட்சம். பதவியில் இருந்தவர், வேறு தொழில் இல்லை, ‘சமூக சேவை’ என்று தொழில் கட்டத்தில் எழுதியிருக்கிறார் என்றால் இந்த 63 லட்சத்தை அளவாக வைத்துப் பாருங்கள்.

இன்னும் சில இடங்கள். 2019-இல் படிவத்தைத் திருத்திய பிறகு கடைசி ஐந்து ஆண்டு வருமானம் தனித்தனியாக இருக்கும், அதற்கு முந்தைய பத்திரத்தில் ஓராண்டுக் கணக்குதான். வருமானம் எந்த வழியில் வந்தது என்பதையும் எழுத வேண்டும், 2018-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. அந்தக் கட்டத்தில் ‘விவசாயம்’ என்று பெரிய தொகை இருந்தால் சற்று நின்று பாருங்கள், விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் மற்ற பணத்தை அந்தப் பெயரில் காட்டுவது பழைய தந்திரம். செங்கல்பட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு ஆண்டுக்கு முப்பது லட்சம் விவசாயத்தில் எடுத்தேன் என்றால், அந்த வித்தையை மற்ற விவசாயிகளுக்கும் கற்றுத் தரச் சொல்லிக் கேட்க வேண்டியதுதான்.

மனைகளுக்கு ‘சந்தை மதிப்பு’ என்று எழுதுவது பெரும்பாலும் அரசு வழிகாட்டி மதிப்பை ஒட்டித்தான் இருக்கும். பதிவுத்துறை இணையதளத்தில் தெருப் பெயர் போட்டு வழிகாட்டி மதிப்பைப் பார்க்கலாம், சர்வே எண் பிரமாணப் பத்திரத்திலேயே இருக்கும், அதை வைத்து, சொத்து யார் யார் கை மாறியது என்று காட்டும் வில்லங்கச் சான்றும் பார்க்கலாம். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். கடைசியாக வாங்கிய ஒன்றிரண்டைப் பார்த்தால் போதும்.

பத்திரத்துக்கும் ஒரு ஓட்டை உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். வேட்பாளர், கணவன் அல்லது மனைவி, சார்ந்து வாழ்பவர்கள், இவர்கள் சொத்துதான் அதில் வரும். தனியாகச் சம்பாதிக்கிற மகன், கல்யாணமான மகள், மைத்துனர், டிரைவர் பெயரில் இருப்பது வராது. பத்திரம் சுத்தமாக இருந்தால் ஆள் சுத்தம் என்று அர்த்தமில்லை, பத்திரத்திலேயே கணக்கு இடித்தால் மட்டும் நிச்சயம் கேள்வி கேட்கலாம். அவ்வளவுதான் அதன் சக்தி.

கடனைப் பார்க்க மறக்காதீர்கள்

சொத்தைப் பார்க்கிறவர்கள் கடன் பக்கத்தைத் திருப்புவதே இல்லை. எனக்கு அதுதான் முதலில் பார்க்கத் தோன்றும். கடன் இருப்பது குற்றமில்லை, வீட்டுக் கடன், வண்டிக் கடன் எல்லாருக்கும் உண்டு. யாரிடம் கடன் என்பதைப் பாருங்கள். வங்கி என்றால் சரி. தனி ஆட்களிடம், அதுவும் ஒரே ஆளிடமோ ஒரு கட்டுமான நிறுவனத்திடமோ கோடிக்கணக்கில் வாங்கியிருந்தால், ஜெயித்த மறுநாள் அந்த ஆள் என்ன கேட்பார், இவர் எப்படி இல்லை என்று சொல்வார்? கடனே இல்லாத பணக்காரரைவிட இப்படி ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டவர்தான் எனக்குக் கவலை தருகிறார். அதே பக்கத்தில் அரசுக்குப் பாக்கி பற்றியும் இருக்கும்: சொத்து வரி, வருமான வரி, ஜிஎஸ்டி, கடந்த பத்து ஆண்டுகளில் அரசு வீட்டில் இருந்திருந்தால் அதன் வாடகை, மின்சாரம், தண்ணீர். மாநகராட்சிக்கு வரி பாக்கி வைத்துவிட்டு நம் தெருவுக்குச் சாலை போடுவேன் என்கிறவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அரசு ஒப்பந்தம் ஏதாவது அவர் கையிலோ மனைவி கையிலோ இருக்கிறதா என்பதற்கும் கட்டம் உண்டு.

வழக்குகள்

எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். 20 வழக்கு உள்ளவர் சாலை மறியல், அனுமதி இல்லாத கூட்டம், உருவ பொம்மை எரிப்பு என்று வாங்கியிருப்பார், தமிழ்நாட்டில் கட்சிக்காரர் என்றால் இது சாதாரணம். ஒரே வழக்கு உள்ளவர் மோசடியில் வாங்கியிருப்பார். பிரிவு எண்ணைப் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 143, 188, 341 என்றால் பெரும்பாலும் போராட்ட வழக்கு. 420 மோசடி, 406 நம்பிக்கை மோசடி, 307 கொலை முயற்சி. 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்கள் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் இருக்கும்: மோசடி 318(4), நம்பிக்கை மோசடி 316, கொலை முயற்சி 109. காசோலை திரும்பிய வழக்கு என்றால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138. இந்தக் கடைசி வகையை யாரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் கொடுத்த செக் திரும்பியது, அதற்காக ஒருவர் கோர்ட் படி ஏறினார் என்பது நம்பகத்தன்மை பற்றி மேடைப் பேச்சைவிட நிறையச் சொல்லும்.

குற்றச்சாட்டுப் பதிவாகிவிட்டதா, எந்தத் தேதியில், என்பதையும் பாருங்கள். எஃப்ஐஆர் மட்டும் போட்டு நிற்கிற வழக்கும், நீதிபதி பார்த்து குற்றச்சாட்டுப் பதிவு செய்த வழக்கும் ஒன்றல்ல. இன்றைய நிலவரத்தை இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண் போட்டுச் சரிபாருங்கள், ஏனென்றால் மேல்முறையீட்டில் எல்லாம் தலைகீழாகும். அமைச்சராக இருந்த பொன்முடியின் சொத்துக் குவிப்பு வழக்கில் கீழ் நீதிமன்றம் விடுவித்ததை 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்து 3 ஆண்டு தண்டனை கொடுத்தது, பதவி போனது, 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது, மறுபடி அமைச்சரானார். நடுவில் எந்த மாதத்துச் செய்தியை நீங்கள் படித்தீர்கள் என்பதைப் பொறுத்து முடிவே மாறும்.

வழக்குள்ள வேட்பாளர் அதைப் பத்திரிகையிலும் டிவியிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும். அவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கட்சியும் காரணம் சொல்ல வேண்டும், ‘ஜெயிக்கக்கூடியவர்’ என்பது மட்டும் காரணமாகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்சிகளின் இணையதளத்தில் அந்தக் காரணங்களைப் படித்துப் பாருங்கள், பல நேரம் ஒரே வாக்கியத்தைப் பெயர் மாற்றி ஒட்டியது மாதிரி இருக்கும்.

சரி, பழக்கவழக்கம்?

முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. அடுத்தவர் பணத்தையோ, உடம்பையோ, உரிமையையோ தொடுகிற பழக்கம் என்றால் அது நம் விஷயம். தொடாதது என்றால் அவர் வீட்டு விஷயம். இது என் அளவுகோல், நீங்கள் வேறு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் உட்கார்ந்து குடிப்பது, கோயிலுக்குப் போவது போகாதது, விவாகரத்து, கறி சாப்பிடுவது, சாதி மாறிக் கல்யாணம் செய்தது, இவற்றில் எதுவும் அவர் சட்டமன்றத்தில் என்ன செய்வார் என்று எனக்குச் சொல்லாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியது சொல்லும். சீட்டாட்டம், சூதாட்டம் என்றால் ஒழுக்கத்துக்காக இல்லாவிட்டாலும் கடனுக்காகப் பார்க்க வேண்டும். மனைவியை அடித்ததாக வழக்கு இருந்தால் அது ‘குடும்பப் பிரச்சினை’ இல்லை.

ஆடம்பரம் பற்றி நீதிமன்றமே ஒரு கோடு போட்டிருக்கிறது. அருணாசலப் பிரதேசத்துத் தொகுதி ஒன்றின் வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வேட்பாளர் துணிமணி, செருப்பு, பாத்திரம் வரை எல்லாவற்றையும் காட்ட வேண்டியதில்லை, அவருக்கும் அந்தரங்கம் உண்டு என்றது. ஆனால் விலை உயர்ந்த கைக்கடிகாரங்கள் பல இருந்து அவற்றின் மதிப்பு பெரிய தொகையாக வந்தால் காட்டியே ஆக வேண்டும், சாதாரண கடிகாரம் என்றால் விட்டுவிடலாம் என்று உதாரணமும் சொன்னது. ஆகவே சுவரொட்டியில் கையில் மின்னுகிற கடிகாரம் பத்திரத்தில் இருக்கிறதா என்று தேடுவது வம்பு இல்லை, நியாயமான வேலை.

தெருவில் விசாரிப்பது எப்படி என்று கேட்டால், ‘அவர் நல்லவரா?’ என்று கேட்காதீர்கள், பதில் கட்சியைப் பொறுத்து வரும். நடந்த விஷயத்தைக் கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குத் தண்ணீர் நின்றபோது இவர் போனை எடுத்தாரா? கல்யாண மண்டபத்துக்கும் பந்தல்காரருக்கும் பேசிய பணத்தைக் கொடுத்தாரா, இல்லை ‘அண்ணன் கணக்குல எழுதிக்கோ’ என்று ஆட்கள் போய்விட்டார்களா? அவரிடம் முன்பு வேலை பார்த்த டிரைவர், அவர் வீட்டில் குடியிருந்தவர்கள், பக்கத்து அபார்ட்மெண்ட் வாட்ச்மேன், இவர்கள் சொல்வதற்கு எடை அதிகம். டீக்கடையில் கேட்கலாம், ஆனால் அந்தக் கடைக்கு எதிரே கட்சி அலுவலகம் இருந்தால் வேறு கடைக்குப் போங்கள். ஒரே விஷயத்தை இரண்டு பக்கத்துக்காரர்களும் சொன்னால் நம்பலாம்.

கேள்விப்பட்டதை ஃபார்வர்டு செய்யாதீர்கள். தேர்தல் முடிவைப் பாதிக்க வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றிப் பொய் பரப்புவது குற்றம்.

பணம் கொடுக்கும்போது

அதுவும் அவரது நிதிப் பழக்கம்தான், உங்கள் வாசலில் நடக்கிற ஒன்று. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலே பணப் பட்டுவாடாவால் ரத்தாகி டிசம்பரில் மறுபடி நடந்தது, சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஒரு வேட்பாளர் செலவு வரம்பு 2022 முதல் 40 லட்சம். உங்கள் தொகுதியில் ஓட்டுக்கு ஆயிரம் ரூபாய் என்று இருபதாயிரம் பேருக்குக் கொடுத்தாலே 2 கோடி. பத்திரத்தில் மொத்தச் சொத்தே 1 கோடி என்று எழுதியவர் அதைச் செய்கிறார் என்றால், பணம் யாருடையது? மேலே கடன் பற்றிச் சொன்னேனே, அது காகிதத்தில் இல்லாத கடன். கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே ஓராண்டு வரை சிறை என்கிற குற்றம். ஆணையத்தின் புகார் வசதியான சி-விஜிலில் படம் எடுத்து அனுப்பினால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் கணக்கு, 1950 எண்ணுக்கும் பேசலாம்.

பத்திரத்தில் பொய் என்று ஆதாரத்தோடு தெரிந்தால், தேர்தல் நடத்தும் அதிகாரியிடம் எதிர் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய யாருக்கும் உரிமை உண்டு, அதையும் பலகையில் ஒட்டுவார்கள். ஆதாரம் என்றால் வில்லங்கச் சான்று, நீதிமன்ற உத்தரவு மாதிரி காகிதம், பேச்சு இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவின்படி பொய்த் தகவலுக்கும் மறைத்ததற்கும் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். தண்டனை சின்னதுதான், நடைமுறையில் அதுவரை போவதே அபூர்வம், அதையும் சொல்லிவிட வேண்டும். ஜெயித்த பிறகு என்றால் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட வேண்டும், அது தனி ஆளுக்குச் சுலபமான வேலை இல்லை.

ஓட்டுப் போட்ட பிறகும் ஒரு வேலை பாக்கி. முடிவு வந்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் ஆணையம் மூன்று ஆண்டு தகுதி நீக்கம் செய்யலாம். அந்தக் கணக்கையும், இப்போது இறக்கிய பிரமாணப் பத்திரத்தையும், தொகுதிப் பெயரும் ஆண்டும் போட்டு ஒரே ஃபோல்டரில் வைத்துவிடுங்கள், ஐந்து வருஷம் கழித்து அவரே மறுபடி வரும்போது இரண்டாவது பத்திரத்தைத் தேடி அலைய வேண்டியிருக்காது.